பூஜையில் வைத்த லேப்டாப்

எனக்கு எழுபத்தொரு வயது. பெற்றது நான்கு, வளர்த்தது மூன்று. மூன்றையும் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பழைய இரும்பு பிரித்த கூலியில்தான் வளர்த்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, கொஞ்சம் கர்வம்கூட உண்டு. பெண்கள் இரண்டு பேருக்கும் கல்யாணமாகி ஒருத்தி கடம்பத்தூரிலும் இன்னொருத்தி வள்ளூர் பக்கமும் இருக்கிறார்கள். நான் கடைசிப் பிள்ளையான மகனோடு இருக்கிறேன். அவனுக்குக் குழாய் செய்கிற கம்பெனியில் ஷிப்டு வேலை. மருமகளுக்கு வீட்டிலேயே கம்ப்யூட்டர் வேலை. அவர்களுக்கு ஒரே பெண், ஆறாவது படிக்கிறாள். எனக்குக் கையெழுத்துப் போடவும் பஸ்ஸில் ஊர்ப்பெயர் பார்த்து ஏறவும் தெரியும், அதற்கு மேல் வராது. அதனால் நான் சொல்கிறேன், பேத்தி எழுதுகிறாள்.

சொல்ல வந்தது என் மருமகளின் வேலையைப் பற்றி. அது என்ன வேலை என்று எனக்கு விளங்கவே நெடுநாள் ஆனது. ஜன்னல் ஓரம் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்திருப்பாள். மற்றவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் படம் தெரியும், கலர் தெரியும். இவளுடையதில் கறுப்புத் திரையும் அதில் வெள்ளை எழுத்தும்தான். ஒரு வரி அடிப்பாள், கீழே பத்து வரி ஓடும். மறுபடி ஒரு வரி அடிப்பாள். எலியைப்போல ஒன்றைக் கையில் வைத்து நகர்த்துவார்களே, அதைக்கூடத் தொடமாட்டாள். பக்கத்து வீட்டுக்காரி, "உம் மருமவ இன்னா வேலதான் பண்றா?" என்று கேட்டால் கம்ப்யூட்டர் என்று சொல்லி முடித்துவிடுவேன். தெரியாததைத் தெரியாது என்று அவளிடம் போய்ச் சொல்வேனா?

ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே மருமகளையே கேட்டேன். சொன்னாள். கம்பெனிகளில் குழாயையும் பாய்லரையும் வெல்டிங் வைத்தபிறகு, ஒட்டவைத்த இடத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்களாம். கைகால் முறிந்தால் நமக்கு எடுக்கிற மாதிரிதான். அந்தப் படத்தையும் நல்லது கெட்டது எழுதிய ரிப்போர்ட்டையும் வருஷக்கணக்காகப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். நாளைக்கு ஒரு பாய்லர் வெடித்தால் முதலில் அதைத்தான் கேட்பார்கள். அவ்வளவும் மும்பையில் ஒரு கம்ப்யூட்டரில் இருக்கிறது. அந்தக் கம்ப்யூட்டரை இவள் கண்ணால் பார்த்ததே இல்லை.

"அதுக்குத் திரையும் இல்ல, கீபோர்டும் இல்ல அத்தை. ஏதோ ஒரு ரூம்ல ஏசில நின்னுக்கினு கீது. நான் இங்கேர்ந்து எழுதிச் சொல்றேன், அது அங்க செய்யுது."

பக்கத்தில் ஆள் இருக்காதா என்று கேட்டேன். இருக்கமாட்டார்கள் என்றாள்.

அதற்கப்புறம்தான் எனக்கு அந்தத் திரையில் சுவாரசியம் வந்தது. இரும்புக் கிடங்கில் எங்கள் வேலையும் பிரித்து வைப்பதுதான். லாரியில் வந்து கொட்டியதை வார்ப்பு ஒரு பக்கம், தகடு ஒரு பக்கம், கம்பி ஒரு பக்கம், செம்பு பித்தளை கண்ணில் பட்டால் தனியாக. மாறி ஒன்று உலைக்குள் போனால் அந்த உருக்கே கெட்டுப்போகும். இவளும் பிரித்துத்தான் வைக்கிறாள். வருஷத்துக்கு ஓர் அறை, அதற்குள் கம்பெனிக்கு ஓர் அறை, அதற்குள் மாசத்துக்கு ஒன்று. இடம் மாற்றி வைத்துவிட்டால் இருந்தும் இல்லாததுபோலத்தான். எதையாவது அழிப்பதற்கு முன்னால் சின்னதாக ஒரு சொல் அடிப்பாள். அது என்ன என்று கேட்டதற்கு, நான் இப்போது எந்த அறையில் நிற்கிறேன் என்று அந்தக் கம்ப்யூட்டரையே கேட்கிறேன் என்றாள். வேறு அறையில் நின்றுகொண்டு அழித்தால் என்ன ஆகும் என்றேன். அங்கே குப்பைத்தொட்டி கிடையாது, போனது போனதுதான் என்றாள். எத்தனை அவசரமானாலும் அதைக் கேட்காமல் அவள் அழித்து நான் பார்த்ததில்லை.

இந்த வேலையை அவள் முன்பு ஆபீஸ் போய்த்தான் செய்தாள். ஆபீஸ் சென்னைக்கும் அந்தப் பக்கம். இருட்டோடு எழுந்து கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, வேறொரு ரயில் பிடித்து, அதற்கப்புறம் பஸ். அவள் கிளம்பும்போது பிள்ளை தூங்கும், திரும்பும்போதும் தூங்கும். ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்த்தால் அந்தப் பிள்ளை விருந்தாளி வந்ததுபோல ஓரமாக நிற்கும். அப்புறம் ஒருவழியாக, கொஞ்சநாள் வீட்டிலிருந்தே செய்து பார், பிறகு முடிவு செய்யலாம் என்று ஆபீசில் விட்டார்கள்.

போன வருஷம் ஆயுத பூஜை சமயத்தில் அந்த முடிவுக்கு நாள் வந்தது. மும்பைக் கம்ப்யூட்டரைக் காலி செய்துவிட்டு, அதில் இருக்கிற அத்தனையையும் ஐதராபாத்தில் புதிதாக வாடகைக்கு எடுத்த ஒன்றுக்கு மாற்ற வேண்டும். முதல்முறையாக இவளை மட்டும் நம்பிக் கொடுத்த வேலை. சரியாக முடிந்தால் வீட்டு வேலை நிலைக்கும். இல்லாவிட்டால் தீபாவளிக்குப் பிறகு மறுபடியும் அந்த ரயில்தான். மாவு அரைத்துக்கொண்டே என்னிடம் இதைச் சொன்னாள்.

ஆயுத பூஜை எங்கள் வீட்டில் ஏன் அத்தனை கண்டிப்பு என்பதையும் சொல்ல வேண்டும். கிடங்கில் அந்தப் பூஜை அமர்க்களமாக நடக்கும். கிரேனுக்கு வாழைக்கன்று, எடைமேடைக்கு மாலை, வாசலில் பூசணிக்காய். பெண்கள் நாங்கள் கையில் பிடிக்கிற சுத்தியலையும் உளியையும் மட்டும் பூஜையில் வைக்கமாட்டார்கள். அதெல்லாம் கீழேயே கிடக்கட்டும் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டான். ஒரு வருஷம் என் சுத்தியலை முந்தானையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, பொட்டு வைத்து, சாமி படத்துக்குக் கீழே வைத்தேன். அன்று மத்தியானம் லாரி வந்திருக்கிறது, இறக்க ஆள் வேண்டும் என்று கிடங்கிலிருந்து ஆள் அனுப்பினார்கள். சுத்தியல் பூஜையில் இருக்கிறது, நாளைக்கு மறுபூஜை போட்டுத்தான் எடுப்பேன் என்றேன். வந்தவன் சாமி படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், திரும்பிப் போய்விட்டான்.

அன்றிலிருந்து இந்த வீட்டில் அது சட்டம். பூஜையில் வைத்ததை மறுநாள் காலையில் கற்பூரம் காட்டித்தான் எடுக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் புத்தகத்தைத் தொட வேண்டாம் என்று கொண்டாட்டம். சாமி கண்ணைக் குத்தும் என்று நான் பயந்ததில்லை. வருஷத்தில் அந்த ஒருநாள் யாரும் என்னை வேலைக்குக் கூப்பிட முடியாது என்பதற்காகத்தான் வைத்தேன்.

போன வருஷம் பூஜையன்று காலையில் மருமகள் சீக்கிரமே எழுந்து மேஜையில் உட்கார்ந்தாள். அடுப்பில் சுண்டலுக்குக் கடலை வெந்துகொண்டிருந்தது. குக்கர் கத்தினால் எழுந்து ஓடுவாள், மறுபடி வந்து ஒரு வரி அடிப்பாள், பிள்ளைக்கு எண்ணெய் வைத்துத் தலைக்கு ஊற்றுவாள், மறுபடி வருவாள். மகன் கம்பெனியில் பூஜை முடித்து, பொரி பையும் ஸ்வீட் டப்பாவுமாக வந்து சேர்ந்தான். அவனுடைய அளவு பார்க்கிற கருவியை வைத்தான். பேத்தி கணக்குப் புத்தகத்தை முதலில் வைத்தாள். என் சுத்தியல் வழக்கமான இடத்தில் இருந்தது. நான் மருமகளைக் கூப்பிட்டு, உன்னுடையதையும் கொண்டுவா என்றேன். திரையை ஒருதரம் பார்த்தாள். மூடினாள். துணியால் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். மூடியின் மேல் மூன்று சொட்டு சந்தனம் வைத்து நானே குங்குமம் இட்டேன்.

சாப்பிட்டு முடிக்கும்போது அவளுடைய போன் அடித்தது. எடுத்துக்கொண்டு பின்கதவுப் பக்கம் போனாள். திரும்பி வந்து, எரியாத அடுப்புக்கு முன்னால் நின்றாள். மகன் போய் என்ன என்று கேட்டான். குசுகுசுவென்று பேசினார்கள். எனக்குக் கண்தான் மங்கலே தவிரக் காது நன்றாகக் கேட்கும்.

"நீயே அம்மாகிட்ட சொல்லு."

"நீங்க சொல்லுங்க. உங்க அம்மாதானே?"

"எங்கம்மாதான். அதான் பயமா கீது."

இரண்டு பேரும் இங்கே வந்து சொல்லுங்கள் என்று கூடத்திலிருந்தே குரல் கொடுத்தேன்.

மருமகள்தான் வந்து சொன்னாள். மும்பையிலிருந்து ஐதராபாத்துக்குப் போய்க்கொண்டிருந்தது பாதியில் நின்றுவிட்டது. இங்கிருந்து ஒரு வேலையைத் தொடங்கினால், இந்த லேப்டாப் விழித்திருக்கிறவரைதான் அது அங்கே ஓடும். இதை மூடினால் தொடர்பு அறும், அங்கே ஓடுகிற வேலையும் விழுந்துவிடும். அப்படி ஆகாமலிருக்க இன்னொரு வழி உண்டு. நாம் விட்டுவிட்டுப் போனாலும் ஓடும்படி அங்கேயே கட்டிவைத்துவிட்டு வரலாம். இவள் எப்போதும் அப்படித்தான் செய்வாள். அன்று காலையில் கடலைக்கும் தலைக்குளியலுக்கும் நடுவில் கட்டாமல் ஓடவிட்டுவிட்டாள். கட்டிவிட்டோம் என்ற நினைப்பிலேயே மூடிக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிட்டாள். ஐதராபாத் பக்கம் வெகுநேரமாக ஒன்றும் வந்து சேரவில்லையே என்று மேலாளர் இப்போது கூப்பிட்டிருக்கிறார். மும்பைக் கம்ப்யூட்டரின் வாடகை அன்றோடு முடிகிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு அதை அணைத்துத் துடைத்துவிடுவார்கள்.

போனிலேயே செய்ய முடியாதா என்று கேட்டேன். மும்பைக்குள் நுழைய ஒரு சாவி வேண்டும், அது லேப்டாப்புக்குள் மட்டும்தான் இருக்கிறது என்றாள்.

நான் சாமி படத்தைப் பார்த்தேன். லேப்டாப் மேல் வைத்த சந்தனம் இன்னும் முழுதாகக் காயவில்லை. எனக்குக் கோபம் வந்தது. இவள் மேல் இல்லை. அன்றைக்கு ஆள் அனுப்பினார்கள், இன்றைக்குப் போன் பண்ணுகிறார்கள். கூப்பிட்டால் இந்த வீட்டுப் பூஜையைக் கலைத்துவிட்டு எழுந்து ஓட வேண்டும்.

"நாளைக்குப் பண்றேன்னு சொல்லு," என்றேன்.

"நாளைக்கு அது இருக்காது அத்தை."

மகன் குறுக்கே வந்தான். இவளுடைய வேலை என்னாவது, மறுபடியும் அந்த ரயிலா என்று ஆரம்பித்தான்.

"ஒக்கார்றா நீ," என்றேன். "வேலை செய்றவங்களுக்கு வருசத்துல ஒருநாள் இது. எவனோ கூப்ட்டான்னு எடுக்கறதுக்கா வச்சோம்?"

அவன் உட்கார்ந்துவிட்டான். மருமகள் உட்காரவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"அவர் கூப்ட்டதுக்காக இல்ல அத்தை. அவர் கூப்டாம இருந்து, எனக்கே ஞாபகம் வந்திருந்தாலும் உங்ககிட்ட வந்து கேட்டிருப்பேன். அது என் வேலை. பாதியில நிக்குது."

என் வேலை என்று அவள் சொன்னதை நான் திருப்பித் திருப்பி நினைத்துப் பார்த்தேன். கிடங்கில் அத்தனை வருஷம் இருந்தேன். வேலைக்குப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், இன்றைக்கு வேலை இல்லை என்று சொல்லியிருக்கிறேன். என் வேலை என்று ஒருநாளும் சொன்னதாக ஞாபகமில்லை. சங்கு ஊதினால் பாதிக் குவியலை அப்படியே விட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்துவிடுவேன். வீட்டுக்கு வந்து அந்தக் குவியலை நினைத்ததே கிடையாது. ஏன் நினைக்க வேண்டும்? அது என்னுடையதா? அன்றைக்கு நான் சுத்தியலை எடுக்க மறுத்தது சரி. இப்போதும் அது சரி என்றுதான் சொல்வேன். இவள் நிலைமை வேறு. அறை அறையாகப் பிரித்து அடுக்கியவள் இவள். அது அழிந்துபோகிறவரை அந்தக் கருவியைத் தொடாமல் உட்கார்ந்திரு என்றால், அது இவளுக்கு ஓய்வாகாது, தண்டனையாகிவிடும். ஓய்வு கொடுக்கத்தானே நான் சட்டம் வைத்தேன்?

எழுந்து போய்க் கால் கழுவி, முகம் கழுவி, நெற்றிக்கு இட்டுக்கொண்டு வந்தேன். கற்பூரத் தட்டை எடுத்தேன்.

"மறுபூஜை நாளைக்குத்தானே ஆயா?" என்றாள் பேத்தி.

"இதுக்கு மட்டும் இன்னிக்கே."

லேப்டாப்புக்கு மட்டும் கற்பூரம் காட்டினேன். இரண்டு கையாலும் தூக்கி மருமகள் கையில் கொடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கணக்குப் புத்தகத்துக்கும் இன்றைக்கே காட்டிவிடலாமா என்று மகன் மெதுவாகக் கேட்டான். பேத்தி அவனை முறைத்த முறைப்பில், அவ்வளவு நேரத்துக்குப் பிறகு முதல்முறையாக மருமகள் சிரித்தாள்.

மேஜையில் உட்கார்ந்து திறந்தாள். நான் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டேன். முதல் வேலையாக, எந்த அறையில் நிற்கிறேன் என்ற அந்தச் சொல்லை அடித்தாள். அப்புறம் இரண்டு பக்கத்திலும் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தாள். பாதிக்குக் கொஞ்சம் மேலே போய்ச் சேர்ந்திருந்தது.

"மறுபடியும் மொதல்லேர்ந்தா?" என்றேன்.

"இல்ல அத்தை. போய்ச் சேர்ந்ததை உட்டுட்டு, சேராததை மட்டும் எடுத்துக்கும். அப்படித்தான் எழுதியிருக்கேன்."

நல்ல உத்தரவு என்று நினைத்துக்கொண்டேன். கிடங்கில் பாதியில் கலைந்த குவியலை முதலிலிருந்து பிரிக்கச் சொல்வார்கள்.

ஆனாலும் ஆறு மணிக்குள் எல்லாம் போய்ச் சேராது என்று கணக்குப் போட்டுவிட்டாள். அதனால் எது முதலில் போக வேண்டும் என்று வரிசை வைத்தாள். இப்போது ஓடிக்கொண்டிருக்கிற பாய்லர்களின் ரிப்போர்ட் முதலில், பழையவை அடுத்து, ஆபீஸ்காரர்களின் விழாப் படங்கள் கடைசியில். இந்தமுறை கட்டித்தான் ஓடவிட்டாள். கட்டியிருக்கிறதா என்று சோதிக்க லேப்டாப்பை வேண்டுமென்றே மூடினாள். மறுபடி திறந்து உள்ளே போய்ப் பார்த்தாள், அது அங்கே ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு மேலாளருக்கு எழுதினாள். தான் லேப்டாப்பை மூடியதால்தான் நின்றது என்று எழுதினாள். அதைப் படித்த மகன், லைன் கட்டாகிவிட்டது என்று எழுதிவிட்டுப் போயேன் என்றான்.

"எழுதலாம். நாளைக்கு ஒருத்தர் ஒக்காந்துக்கினு லைன்ல இன்னா கோளாறுன்னு தேடுவாரு. பாவம்," என்றாள்.

நெடுஞ்சாலைப் பக்கம் எளாவூர் போகிற லாரிகளை ஓரம் கட்டிப் பூசணிக்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி பொரித் தட்டோடு வந்து, பூஜையன்று லேப்டாப் திறந்திருப்பதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். தட்டை வாங்கிக்கொண்டு, எங்கள் வீட்டில் ஒன்றுக்கு முன்னதாகவே மறுபூஜை ஆகிவிட்டது என்றேன். அவளுக்கு அதற்குமேல் கேட்கத் தைரியம் வரவில்லை.

வெயில் இறங்க இறங்க, ஓடுகிற வரிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். எனக்கு ஓர் எழுத்தும் புரியாது. நிற்காமல் ஓடுகிறதா என்று மட்டும் தெரியும், எனக்கு அது போதும். இந்த வருஷத்தது முடிந்தது என்றாள். போன வருஷத்தது முடிந்தது என்றாள். கடைசியில் இரண்டு பக்கமும் உள்ளதை ஒன்றுக்கொன்று ஒத்துப்பார்க்கச் சொன்னாள். ரிப்போர்ட் எல்லாம் சேர்ந்துவிட்டன, படங்கள்தான் போய்க்கொண்டிருந்தன. ஆறு மணிக்கு வரிகள் நின்றன. தொடர்பு மூடப்பட்டது என்று ஒரே ஒரு வரி வந்தது. அவ்வளவுதான், மும்பைக் கம்ப்யூட்டர் போய்விட்டது. அவள் எத்தனையோ நாள் உள்ளே போய் வந்த அறைகள் எல்லாம் போய்விட்டன.

எது போகவில்லை என்று கேட்டேன். ஆபீசில் எல்லோரும் கடற்கரைக்குப் போன படங்களில் கொஞ்சம் என்றாள். அரை டிராயரோடு மேலாளர் நிற்கிற படம் ஒன்று உண்டாம், அதுவும் போய்விட்டதாம்.

அவர் அடுத்த வாரம் கூப்பிட்டார். மருமகள் ஸ்பீக்கரில் போட்டாள். ரிப்போர்ட் அத்தனையையும் ஆள் வைத்துச் சரிபார்த்ததாகச் சொன்னார். மூடிவிட்டேன் என்று மறைக்காமல் எழுதியதையும் சொன்னார். வீட்டிலிருந்தே செய், ரயில் வேண்டாம் என்றார். பேத்தி உள்ளேயிருந்து ஓடிவந்து அம்மா இடுப்பைக் கட்டிக்கொண்டாள். ஐதராபாத் கம்ப்யூட்டரை இனி நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும், லீவு நாளில்கூட எப்போதாவது கூப்பிடும்படி இருக்கும் என்றும் சொன்னார். இவள் சரி என்றாள்.

அந்தச் சரி என் மனசில் இன்னும் கிடக்கிறது. யாரும் கூப்பிட முடியாத ஒருநாளை நான் இந்த வீட்டில் எழுப்பி வைத்திருந்தேன். அதற்கு ஒரு கதவு திறந்துவிட்டது. திறந்தவளும் நான்தான். அது நல்லதா கெட்டதா என்று இதுவரை எனக்குத் தீர்மானமாகத் தெரியவில்லை. பிள்ளை காலையில் அம்மா கையால் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறாள். அதைப் பார்க்கும்போது சரிதான் என்று தோன்றுகிறது. ஞாயிற்றுக்கிழமை சோற்றில் கை வைக்கும்போது அவளுடைய போன் அடித்தால் சரியில்லை என்று தோன்றுகிறது. இந்த வருஷம் பூஜைக்கு என்ன செய்வது என்று கேட்டாள். உன் கருவி, உன் வேலை, வைப்பதும் எடுப்பதும் உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டேன். அப்படி ஒரு பேச்சு என் வாயிலிருந்து வரும் என்று அவள் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

போதும் கண்ணு, பேனாவ வை. உங்கம்மா மீட்டிங்ல கீறா, அது முடியறதுக்குள்ள மொதல்லேர்ந்து ஒருவாட்டி படிச்சுக் காட்டு. ஐதராபாத்துக்கு மாத்தின எடத்துல மட்டும் நிறுத்தி நிதானமா படி. அது அவளோட வேலை, நான் தப்பா சொல்லிடக்கூடாது.